லப்பைக்குடிகாட்டுக் கல்யாணமும் நான் காவல் நின்ற போனும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் ஓட்டிவிட்டேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன், பேனா பிடித்தால் கை கனக்கும் என்பது வெளியில் சொல்லிக்கொண்ட காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. என் வேலைக் காலத்தில் எனக்கு அதிகப் பெருமை தந்த நாளும், நினைத்தாலே காது மடல் சுடுகிற நாளும் ஒரே நாள். பாதியை மட்டும் எழுதினால் பெருமாளுக்கு அடுக்காது. முழுசாக எழுதத் தைரியம் இல்லை. அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

சமீபத்தில் பெரம்பலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்து இலைக்காரர், செல்போனைத் தூக்கிப் பிடித்து மணமேடையை யாருக்கோ காட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "இந்தச் சனியன் வந்துதாங்க மனுசனுக்கு மனுசன் ஒட்டு உறவு இல்லாம போச்சு" என்றார். ஊரில் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் எனக்குத் தலையாட்ட மனசு வரவில்லை. முப்பது வருஷம் அந்த ஒட்டு உறவுக்குக் கம்பி இழுத்தவன் நான். அந்தப் பந்தியிலிருந்து எழுந்து கை கழுவும்போதுதான் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் பெயர் வரதராசு. கல்லங்குறிச்சி பக்கம். எங்கள் பெருமாள் கம்பமாக நின்று அருள் செய்கிறவர். எனக்கும் அவர் கம்பத்திலேயே பிழைப்பைக் கொடுத்தார். தொலைபேசி இலாகாவில் தினக்கூலி மஸ்தூராகச் சேர்ந்து, கீழப்பழுவூர் ரோட்டில் போஸ்ட்டுக்குக் குழி வெட்டினேன். திருமழபாடியில் கொள்ளிடக்கரை மணலில் நட்ட போஸ்ட் நிற்காமல் சாய, அதே போஸ்ட்டை மூன்று தடவை நட்டேன். பிறகு திருச்சியில் சில வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பெரம்பலூர் தனி ஜில்லா ஆன சமயம் நான் லைன்மேன். அப்புறம் ஜில்லாவைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். எப்படிப் பிரித்தாலும் என் கம்பி அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவேதான் ஓடியது.

லப்பைக்குடிகாட்டுக்கு மாற்றல் ஆனபோது அந்த ஊர் எனக்குப் புதுசு. வீட்டுக்கு ஓர் ஆள் அரபு நாட்டில் இருப்பார். அங்கே இருப்பவர்களுக்கும் இங்கே இருப்பவர்களுக்கும் நடுவே அப்போது ஓடிக்கொண்டிருந்தது கேசட்தான். வீட்டுக் கூடத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து, சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசுவார்கள். அரபு நாட்டுக்குப் போகிற யாராவது கையில் அதைக் கொடுத்து அனுப்புவார்கள். பிள்ளை பிறந்த சேதி அங்கே போய், அதற்கு அப்பன் சிரித்த சிரிப்பு இங்கே திரும்பி வருவதற்குள் பிள்ளை குப்புற விழுந்திருக்கும். கல்யாணம் என்றால் வீடியோ கேசட். மகள் கல்யாணத்தைத் தகப்பன் இரண்டு மாதம் கழித்துப் பார்ப்பார். அங்கே அவர் அழும்போது இங்கே மகள் மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பாள்.

போன் இல்லாமல் இல்லை. ஆனால் பழைய எக்ஸ்சேஞ்ச் வழியாக வெளிநாட்டுப் பேச்சு வருவது பெரும்பாடு. பாதி வார்த்தை காற்றோடு போய்விடும்.

அதை மாற்ற வந்தவர்தான் ஸ்டெல்லா மேடம். இளநிலைப் பொறியாளர். என்னைவிடப் பதினைந்து வயசாவது சின்னவர். புது டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சை நிறுவும் பொறுப்பு அவருடையது. ஊர்க்காரர்கள் அதைக் கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்ச் என்பார்கள். மேடம் அதட்டி நான் கேட்டதில்லை. எதைப் போய்ச் சொன்னாலும் தலையை நிமிர்த்தாமல் ஒரே கேள்வி கேட்பார்: "அளந்தீங்களா?"

"மேடம், கேபிள் உள்ள தண்ணி எறங்கியிருக்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறது இருக்கட்டும் அண்ணே. அளந்தீங்களா?"

அளந்து மீட்டர் காட்டியதைச் சொன்னால் நோட்டில் எழுதிக்கொண்டு, அதற்கு மேல்தான் நம் முகத்தைப் பார்ப்பார். பழுது முடிந்ததும் அதற்கென்று இருந்த சீட்டில் காரணம் எழுத வேண்டும். கேபிளா, வீட்டு ஒயரா, போன் கருவியா என்று குறிக்கும் இடம் அது. 'சரி செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் சீட்டு என் மேஜைக்கே திரும்பி வரும். மீட்டரை எடுத்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கும்போது எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. போகப் போக, வீட்டில் அரிசி வேகவில்லை என்று என் மனைவி சொன்னால்கூட, "தண்ணி அளந்தியா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டேன்.

பழைய எக்ஸ்சேஞ்சிலிருந்து புதுசுக்கு எல்லா லைனையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் ஊர் முழுக்கப் போன் செத்திருக்கும். மற்ற ஊர்களில் ராத்திரிதான் மாற்றுவார்கள். மேடம் ஒரு வாரம் உட்கார்ந்து, எந்த நேரத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று குறித்தார். வேலை முடிந்து அங்கிருந்து கூப்பிடுவதால் இந்த ஊரில் ராத்திரிதான் பேச்சு அதிகம். குறைச்சலான நேரம் எது தெரியுமா? வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை. ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். அந்த நேரத்தில் மாற்றினோம். தொழுகை நடத்தும் ஹஜ்ரத் மிம்பர் மேடையில் ஏறிப் பேச ஆரம்பித்தபோது பழைய ஒயரைக் கழற்றினோம். தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்தவர்களுக்குப் புதுப் போன். ஒருத்தருக்கும் ஒரு நிமிஷம் குறைந்ததாகத் தெரியவில்லை. கல்லங்குறிச்சிக்காரனும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணும் ஜும்ஆ நேரம் பார்த்து வேலை செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும்.

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு வேடிக்கை. மளிகைக் கடைக்காரர் எதிர்த்த துணிக்கடைக்குப் போன் போட்டார். இரண்டு பேருக்கும் நடுவே எட்டடி ரோடு. ஒருவரை ஒருவர் பார்த்துக் கையாட்டிக்கொண்டே, "பாய், நல்லா கேக்குதா?" "பக்கத்துல ஒக்காந்து பேசுற மாதிரியே இருக்குங்க பாய்!" என்று ஐந்து நிமிஷம் பேசினார்கள்.

அடுத்த சில மாதத்தில் வந்ததுதான் அந்தக் கல்யாணம்.

யூசுப் பாய்க்குச் சவூதியில், தம்மாமில் வேலை. மகள் ஜமீலாவுக்கு நிக்காஹ் குறித்துவிட்டார்கள். முதலாளி லீவு கொடுக்கவில்லை. பாஸ்போர்ட் அவர் கையில். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பைத் தம்பி காசிமுக்கு ஒப்படைத்து யூசுப் பாய் கடிதம் அனுப்பிவிட்டார். சட்டப்படி அது போதும். ஆனால் நிக்காஹுக்கு முன்னால் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும் அல்லவா? அந்த ஒன்றை மட்டும் தன் வாயால் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மகளும் பிடிவாதம். "அத்தா கேட்டாத்தான் வாயத் திறப்பேன்" என்று சொல்லிவிட்டாள்.

காசிம் ஆபீசுக்கு வந்து மேடம் முன்னால் நின்றார். "மேடம், எங்க வூட்டுக்கு ஒரு லைன் வேணும். அண்ணன் குரல் வந்துட்டா போதும். மத்ததை அல்லாஹ் பாத்துக்குவான்."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே லைன் கொடுத்தேன். பெண் இருக்கும் உள்ளறை வாசலில் ஒரு போன். அதே லைனில் இன்னொரு போனை வெளியே பந்தலில் மைக் பக்கத்தில் வைத்தேன். சம்மதம் கேட்டு முடித்ததும் தகப்பன் துஆப் பிரார்த்தனையில் கலந்துகொள்ளட்டும், ஊரே அவர் குரலைக் கேட்கட்டும் என்பது என் யோசனை. ஒரு நாள் சோதித்தேன். மறுநாளும் சோதித்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அங்கிருந்து போன் வரவேண்டியது பத்தரைக்கு. யூசுப் பாய் வேலை இடத்தில் கொஞ்ச நேரத்துக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தார். கையில் போன் கார்டுடன் பூத்தில் நிற்பார். இங்கே மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்வதற்குள் நிக்காஹை முடிக்க வேண்டும் என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தார்.

காலையில் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு போனேன். மனசு கேட்கவில்லை. மூன்றாவது முறையும் பார்த்துவிடுவோம் என்று பள்ளிவாசல் முனையில் இருக்கும் பில்லர் பெட்டியைத் திறந்தேன். தெருவிலுள்ள லைன் எல்லாம் பிரியும் இரும்புப் பெட்டி அது. சோதனை போனின் இரண்டு கிளிப்பையும் அந்த லைனில் மாட்டிக் கேட்டேன். டயல் டோன் அருமையாக வந்தது. அதே நேரம் தெருக்கோடியிலிருந்து சத்தம்: "லைன்மேன் சார், ஓடியாங்க! வாழை மரம் கட்டுற ஆளு உங்க ஒயரைப் புடிச்சு இழுக்குறான்!"

பெட்டிக் கதவைச் சாத்திவிட்டு ஓடினேன். ஒயரைத் தூக்கிக் கட்டினேன். வாழை மரக்காரரை நாலு வார்த்தை வைதேன். பிறகு உள்ளறை வாசலில் இருந்த போன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

பத்தரை ஆனது. மணி அடிக்கவில்லை. பதினொன்று. அடிக்கவில்லை.

உள்ளேயிருந்து ஒரு பெண் ரிசீவரைத் தூக்கிப் பார்க்கக் கையை நீட்டினார். "தொடாதீங்கம்மா!" என்று தடுத்தேன். "தூக்கினா அங்க அவருக்கு எங்கேஜ்டுன்னு கேக்கும். யாரும் தொடப்படாது." காவல்காரன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். காசிம் இரண்டு தடவை வந்து என் முகத்தைப் பார்த்தார். "நம்ம பக்கம் எந்தக் கோளாறும் இல்லீங்க பாய். அந்தப் பக்கம் கூட்டமா இருக்கும்" என்றேன். அளக்காமல் சொன்னேன்.

பந்தலில் கேலி ஆரம்பமாகிவிட்டது.

"கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்சுன்னாங்களே, கரண்டு இல்லியா?"

"கேசட்டுல பேசி அனுப்பச் சொல்லியிருந்தா போன மாசமே வந்திருக்கும்பா."

உள்ளறையில் ஜமீலா முக்காட்டுக்குள் தலையைக் குனிந்தபடி இருந்தாள். அவள் அம்மா எதையோ சொல்லிச் சமாதானம் செய்ய, அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

பதினொன்றரைக்கு மளிகைக் கடைக்காரர் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "காசிம்! உங்க அண்ணன் என் கடைக்குப் போன் போட்டுட்டாரு! ஒரு மணி நேரமா உங்க நம்பர் எங்கேஜ்டாம். 'கல்யாண வூட்ல எவன்யா என் நேரம் பாத்துப் போன்ல கதை பேசுறான்'னு கத்துறாரு. ஒரே ஒரு கார்டுதான் மிச்சமாம். பன்னெண்டு மணிக்கு இன்னும் ஒரு தடவை போடுவாராம். அதுக்கு மேல முடியாதாம்."

மணப்பெண்ணை ஆண்கள் நிற்கும் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போக முடியாது. இந்த வீட்டுக்குத்தான் போன் வந்தாக வேண்டும்.

நான் கடைக்கு ஓடினேன். அங்கிருந்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன். மேடம் எடுத்தார்.

"மேடம், கல்யாண வூட்டு லைன் எங்கேஜ்டுன்னு சொல்றாங்க. யாரும் தொடல. நான் பக்கத்துலயேதான் நிக்கிறேன்."

"அளந்தீங்களா?"

"இல்லீங்க மேடம்."

அவர் தட்டச்சுப் பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. புது எக்ஸ்சேஞ்சில் எந்த லைன் எப்படி இருக்கிறது என்று திரையிலேயே தெரியும். பழசில் அது இல்லை.

"அண்ணே, பத்து மணி அஞ்சு நிமிஷத்துலேர்ந்து அந்த நம்பர் ரிசீவரை எடுத்து வச்சபடியே இருக்கு. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

பத்து ஐந்துக்கு நான் பில்லர் பெட்டி முன்னால் நின்றேன். சோதனை போனைக் கழற்றவே இல்லை. பெட்டிக்குள் அது லைனைக் கவ்வியபடி தொங்குகிறது. வீட்டில் யாரும் ரிசீவரைத் தொடக்கூடாது என்று நான் காவல் நிற்க, என் போனே அந்த லைனை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"பில்லர்கிட்ட இருந்தேங்க மேடம்."

"போய்ப் பாருங்க அண்ணே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"வரதராஜப் பெருமாளே, என் தப்புக்கு அந்தப் புள்ளைய அழ வைக்காதே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். பெட்டியைத் திறந்தால், நினைத்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கிப் பையில் போட்டேன். திரும்ப ஓடி, வீட்டுப் போனை ஒரே ஒரு முறை தூக்கினேன். டோன் வந்தது. வைத்தேன்.

"சரியாயிடுச்சாங்க?" என்றார் காசிம். "ஆயிடுச்சுங்க" என்றேன். என்ன கோளாறு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஹஜ்ரத்திடம் போய் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்கள். "தகப்பன் குரலுக்குக் காத்திருக்கோம், வேற எதுக்கு? பாங்கு வரைக்கும் இருப்போம்" என்றார் அவர். பந்தலில் கேலி நின்றுவிட்டது. இருநூறு பேர் ஒரு மணி ஓசைக்குக் காத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பன்னிரண்டுக்கு இரண்டு போனும் சேர்ந்து அடித்தன.

காசிம் எடுத்து, "அண்ணே, இந்தா புள்ளகிட்ட குடுக்குறேன்" என்று நீட்டினார். உள்ளறைத் திரைக்கு வெளியே இரண்டு சாட்சிகள். நான் வாசலோரம் நின்றேன். யூசுப் பாய் பெரிய குரல்காரர். ரிசீவரைத் தாண்டிக் கேட்டது. மாப்பிள்ளை பெயர் சொல்லி, மாப்பிள்ளை கொடுக்கும் மஹர் தொகை சொல்லி, "சம்மதமாம்மா?" என்றார்.

ஜமீலாவால் பேச முடியவில்லை. அழுகை.

"சொல்லும்மா."

அழுகை.

"யா அல்லாஹ், நீ அழுதே கார்டை முடிச்சுருவ போல இருக்கே! பொறந்தன்னைக்கும் இப்படித்தான் அழுதியாம், நான் கேசட்லதான் கேட்டேன். இன்னைக்காவது நேரா ஒரு வார்த்தை சொல்லும்மா."

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "சம்மதம் அத்தா" என்றாள். சாட்சிகள் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பந்தலுக்குப் போனார்கள்.

நிக்காஹ் ஓதி, துஆ ஆரம்பித்தபோது பந்தல் போனை மைக்கிடம் பிடித்தேன். ஹஜ்ரத் ஒவ்வொரு வரி சொல்லி நிறுத்தும்போதும், கடலுக்கு அப்பாலிருந்து ஒரு "ஆமீன்" ஸ்பீக்கரில் வந்து தெரு முழுக்க விழுந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ ஆமீனில் கார்டு தீர்ந்து குரல் அறுந்தது. அவருக்கும் சேர்த்து மொத்தப் பந்தலும் அந்த ஆமீனை உரக்கச் சொல்லி முடித்தது. என் நாக்கும் சொன்னது.

பிறகு காசிம் எல்லார் முன்னாலும் எனக்குச் சால்வை போட்டார். "கடைசி நேரத்துல கோளாறைக் கண்டுபிடிச்ச நம்ம லைன்மேன் சாரு" என்று மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன். எனக்கென்று தனியாக ஆக்கி வைத்திருந்த சைவச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்லாமல் வந்துவிட்டேன். காது மடல் சுடுகிற நாள் என்று சொன்னது இதைத்தான்.

மறுநாள் பழுதுச் சீட்டை நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் 'கேபிள்' என்று எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் 'லைன்மேன் கவனக்குறைவு. சோதனை போன் கழற்றப்படவில்லை' என்று எழுதி மேடம் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் இப்படி எழுதினா நான் பாதி கேபிளைத் தோண்டவே வேண்டாம் அண்ணே" என்றார். கையெழுத்துப் போட்டு ஃபைலில் சேர்த்தார். அந்தச் சால்வையைவிட அந்தக் கையெழுத்து எனக்குப் பெரிசு.

ஆனால் ஃபைலில் இருக்கும் உண்மை தெருவுக்கு வருமா? தெருவில் கதை வளர்ந்தது. லாரி இடித்துக் கேபிள் அறுந்ததாம். நான் அறுந்த கம்பிகளைக் கையாலேயே பிடித்துக்கொண்டு பேச வைத்தேனாம். ஷாக்கடித்தும் விடவில்லையாம். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் என்னிடமே இதைச் சொல்லிக் காலைத் தொட வந்தார்கள்.

யூசுப் பாய் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது எல்லார் கையிலும் செல்போன் வர ஆரம்பித்திருந்தது. அரியலூரில் என் வீட்டைத் தேடி, பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்தார். அன்றுதான் அவர் முகத்தை முதலில் பார்த்தேன். உட்கார்ந்ததும் அந்த லாரிக் கதையை எனக்கே சொன்னார், கண் கலங்கியபடி. இனியும் பொறுத்தால் நான் மனுஷன் இல்லை என்று தோன்றியது. நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அந்த ஒரு மணி நேரம்" என்று ஆரம்பித்தார். "பூத்துக்குள்ள நான் என் தம்பியை, பொஞ்சாதியை, எல்லாத்தையும் வைதேன். என்னை விட்டுட்டே கல்யாணத்தை முடிச்சுட்டாங்கன்னு நினைச்சேன். அதெல்லாம் உங்களாலயா?"

"ஆமாங்க பாய்."

"ஏற்கெனவே ரெண்டு தடவை பாத்துட்டீங்கல்ல? மூணாவது தடவை எதுக்குப் போய்ப் பாத்தீங்க?"

"உங்க குரல் வராம போயிடப்படாதேன்னுதாங்க."

அவர் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அப்ப ஷாக்கடிச்ச லைன்மேனை விட இவருதான் எனக்கு வேணும்" என்றார். என் மனைவி காபியோடு வந்து, இரண்டு கிழவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஏன் நிற்கிறார்கள் என்று புரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மெஷின் வந்து உறவைக் கெடுத்தது என்பவர்கள் சொல்லட்டும். அன்றைக்கு இருநூறு பேரையும் ஒரு தகப்பனையும் ஒரே ஆமீனில் சேர்த்தது அந்த மெஷின். நான் தப்பு செய்த நிமிஷத்தைக் கூசாமல் காட்டியதும் அதே மெஷின். நடுவில் ஓடியவன் நான். அந்தப் பெருமை எனக்குப் போதும்.

படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை யாரிடமாவது சொல்லுங்கள், முக்கியமாக இந்தத் தொழிலில் இருக்கிறவர்களிடம். சொல்லும்போது எனக்கு லாரி வேண்டாம், ஷாக் வேண்டாம். பில்லர் பெட்டிக்குள் தொங்கிய அந்தச் சோதனை போனை மட்டும் கழற்றிவிடாதீர்கள். அது அங்கேயே இருக்கட்டும்.